டிஸ்க்கில் இடம் இல்லை

காலையில் அவர் தாழ்ப்பாள் என்றுதான் சொன்னார். துண்டு என்று சொல்லவில்லை. குளித்துவிட்டு, தலையில் நீர் சொட்டச் சொட்டக் கையை நீட்டிக்கொண்டு நின்று, "துளசி, அந்தத் தாழ்ப்பாளக் குடு" என்றார். துளசிமணி கொடியில் கிடந்த துண்டை உருவி அந்தக் கையில் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷமான பிறகு அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வார்த்தை எதற்கு, நீட்டிய கை போதாதா. தோசை கருகியது, பஸ் வந்துவிடும், டிபன் டப்பாவின் மூடி பொருந்தவில்லை, அவள் கிளம்பி வந்துவிட்டாள். அந்த வார்த்தை மட்டும் காதுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. காலை முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, இப்போது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கறுப்புத் திரையில் டிஸ்க்கில் இடம் இல்லை என்று வெள்ளை எழுத்து வந்து நிற்கும் நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்திருக்கிறது. தாழ்ப்பாள். விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரோ. நாச்சிமுத்து விளையாடுகிற ஆள் இல்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும். குளித்துவிட்டு வந்தவருக்கு என்ன தூக்கக் கலக்கம். துளசிமணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். தாராபுரத்துக்கு வெளியே உள்ள அந்தப் பால் குளிர்விப்பு நிலையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அறையில் புளித்த பாலும் பினாயிலும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றினாலும் அது போகாது. மேலே மின்விசிறி சூடான காற்றையே எடுத்து மறுபடி தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே டேங்கர்கள் நின்றுவிட்டன. எடைமேடையில் வண்டி ஏறியதும் எடையும் கொழுப்பும் இந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு வரும், அது எழுதிவைத்துக்கொண்டு ஒரு சீட்டு அடிக்கும், சீட்டு கையில் இருந்தால்தான் பாலை இறக்கலாம். தலைமை அலுவலகத்தின் உத்தரவு அது. இன்றைக்குச் சீட்டு வரவில்லை. முதலில் பிரிண்டர்தான் என்று நினைத்துப் பேப்பரைக் கழற்றி மாட்டினார்கள், பிறகு பிரிண்டரின் தலையில் தட்டினார்கள், அதன் பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்கள். எப்போதும் இப்படித்தான், தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். மேனேஜர் லோகநாதன் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "ஏனுங் மேடம், ஆச்சுங்களா? வெயில்ல நிக்குதுங்க வண்டியெல்லாம். இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா பாலு திரிஞ்சு போயிருமுங்க." பார்க்கிறேன் என்றாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீர்லாமுங்களா?" கூடாதுங்க, டிஸ்க்கில் இடம் இல்லாததால் காலையில் இருந்து வந்த வண்டிகளின் விவரத்தை எழுத முடியாமல் நினைவில் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது, நிறுத்தினால் அத்தனையும் போய்விடும் என்று சொன்னாள். அவர் சரிங்க சரிங்க என்று தலையை இழுத்துக்கொண்டார். அத்தனையும் போய்விடும். காலையில் இருந்து. அவர் வேறு ஏதாவது பேசினாரா காலையில்? காபி குடித்தபோது? டம்ளரைக் கீழே வைத்த சத்தம் நினைவிருக்கிறது. பேசியதாக நினைவில்லை. அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை, ஆனால் அது புதிதில்லையே. பேசாமல் கழிந்த காலைகள் எத்தனையோ. அதில் எது சாதாரணம், எது இல்லை என்று இப்போது எப்படிப் பிரிப்பது.

இடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் மெஷின் சொல்லும். கேட்டாள். முழுக்க நிறைந்துவிட்டது என்றது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கோப்புகள் கிடக்கும் ஒவ்வொரு அடைவாகப் போய்ப் பார்த்தாள், ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டு அணைக்கிற மாதிரி. பதிவுக் கோப்புகள் இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் பூதமாக வளர்ந்து கிடந்தது. எடைமேடையில் இருந்து வரும் வயரில் எங்கோ பிசகு. ஒரே பிழைச் செய்தி, ஒரே வரி, மேலே மேலே எழுதப்பட்டு, யாரும் படிக்காமல், எத்தனை நாளாகவோ. யாராவது ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாராவது என்றால் யார், அவள்தான். பார்க்க வேண்டும் என்று நினைத்ததுண்டு. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம், மாசக் கடைசி கழியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டது. நாளைக்கு என்று. அந்த வார்த்தை வந்ததும் துளசிமணியின் விரல் விசை மேல் நின்றது. நாளைக்கு. அவளுடைய அப்பாவுக்கு வாய் இழுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். வெள்ளகோவில் வீட்டில், சன்னலோரக் கட்டிலில், பசித்தால் நாளைக்கு, வலித்தால் நாளைக்கு, பேத்தியைக் கண்டு சந்தோஷம் வந்தால் அதற்கும் நாளைக்கு. சொல்லிவிட்டு, சொன்னது தவறு என்று தெரிந்து, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு பார்ப்பார். உள்ளே எல்லா வார்த்தையும் இருந்தது, வெளியே வர வழிதான் இல்லை. அம்மா கடைசிவரை அவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அது எப்படி ஆரம்பித்தது? யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அப்படி இருந்தார். அதற்கு முந்தின நாள் ஏதாவது வார்த்தை மாறியிருக்குமா. மாறியிருந்தாலும் அம்மா துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

அவள் விரல் அந்தக் கோப்பை அழித்துவிட்டது. அழித்த பிறகுதான், ஐயோ, அழித்திருக்கக் கூடாது, கோப்பை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி பண்ணியிருக்க வேண்டும் என்று தோன்றியது. தெரிந்த விஷயம். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தருகிற விஷயம். மனசு கொடியில் தொங்கிய துண்டிடம் நின்றுகொண்டிருக்க, விரல் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது. மறுபடி கேட்டாள், இடம் எவ்வளவு? இல்லை என்றது மெஷின். கோப்பைத் தேடினாள், காணோம். எல்லா அடைவையும் கூட்டிப் பார்த்தாள், பாதிகூட இல்லை. ஒரு கட்டளை பாதி காலி என்கிறது, இன்னொரு கட்டளை மூச்சு விட இடமில்லை என்கிறது. இரண்டும் பொய் சொல்லாது. துளசிமணி நாற்காலியில் சாய்ந்தாள். முதுகில் புடவை ஈரமாக ஒட்டியது. அசதி என்றால் இப்படி ஒரு அசதி, எலும்புக்குள் மணல் நிரப்பிய மாதிரி. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்தான். வீட்டுக்கு முன்னால் தகர ஷெட்டில் ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும்போது கை விடமாட்டார், விட்டால் சுற்று எண்ணிக்கை தவறிவிடும். மத்தியானத்தில் காயில் சுற்றுவாரா? வெயிலில் ஷெட் கொதிக்கும், சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். தூங்கினால் போன் கேட்காது. கேட்கும், போன வாரம் கேட்டது, எழுந்து பேசினார், என்ன புள்ள என்றார். அது போன வாரமா, அதற்கு முந்தினதா? திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த மணி இப்போது வீட்டில் எங்கே அடிக்கிறது, கட்டில் தலைமாட்டிலா, ஷெட்டில் கம்பிச் சுருளுக்குப் பக்கத்திலா, சட்டைப் பையிலா. சட்டைப் பையில் என்றால் அதைக் கேட்டுக்கொண்டே எடுக்காமல் இருக்கிறாரா. எடுக்க முடியாமலா. துளசிமணி போனைக் கவிழ்த்து வைத்தாள், உடனே நிமிர்த்தினாள்.

எழுந்து போய்விடலாம். கைப்பை அங்கேதான் இருக்கிறது. ஆனால் எதற்கு என்று சொல்லிப் போவது, காலையில் வீட்டுக்காரர் துண்டைத் தாழ்ப்பாள் என்றார், அதனால் போகிறேன் என்றா. லோகநாதன் சிரிக்க மாட்டார், மரியாதையான மனிதர், ஆனால் வாசலில் நிற்கிறவர்கள்? போய்ப் பார்த்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார், இங்கே அத்தனை ஊர்ப் பாலும் திரிந்து சாக்கடையில் ஓடும். போகாமல் இருந்து, அங்கே, அங்கே என்பதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. ஓசூரில் இருக்கும் மகளைக் கூப்பிடலாமா? அவள் அங்கிருந்து என்ன செய்வாள், பயந்து அழுவாள். பக்கத்து வீட்டு ராமாத்தாள் நினைவு வந்தது. ஏன் முதலிலேயே வரவில்லை. "அக்கா, நான் துளசி. வீட்ல அவரு போனை எடுக்க மாட்டீங்கறாரு. ஒருக்கா எட்டிப் பாக்கறீங்களா?" மறுமுனையில் பாத்திரம் உருளும் சத்தம். "தூங்கறாப்லயோ என்னமோ கண்ணு. ஏன், என்னாச்சு?" ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் துளசிமணி தன் குரலைத் தானே கேட்டாள். அது சும்மா என்கிற குரலாக இல்லை. "ஆட்டுக்குத் தண்ணி வெச்சுட்டு இருக்கறேன், இதா போறன் சாமி" என்று ராமாத்தாள் வைத்துவிட்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும். அதை முடித்துவிட்டுப் போவாளா, போட்டுவிட்டுப் போவாளா. போட்டுவிட்டுப் போங்கள் என்று ஏன் சொல்லவில்லை. பதறுகிறவள் என்று ராமாத்தாள் நினைத்துவிடக் கூடாதே என்றா. இவ்வளவுக்கு நடுவிலும் அதெல்லாம் வருகிறது பார்.

திரையில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. பெயர் போய்விட்டது, ஆனால் இடம் வரவில்லை. அப்படியானால் யாரோ அதை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அவளுக்குத் தெரிந்ததுதான், அசதியில் நினைவுக்கு வர இவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. எடைமேடைக் கணக்கை எழுதும் புரோகிராம், அந்த நிரல், இந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தது. அவள் அழித்தது பெயரைத்தான். நிரல் கையை விடாதவரை, பெயரில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் அது அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நிரலை நிறுத்தினால் கை விட்டுவிடும், ஆனால் நிறுத்தினால் காலை வண்டிகள் போய்விடும். நிறுத்தாமல், அதன் கையில் இருக்கும்போதே காலி செய்ய வழி உண்டு. எந்தெந்த நிரல் எதையெதைத் திறந்து வைத்திருக்கிறது என்று கேட்டாள். வரிவரியாகக் கொட்டியது. அழிக்கப்பட்டது என்ற குறி உள்ளவற்றை மட்டும் காட்டு என்றாள். ஒரே ஒரு வரி வந்தது. நிரலின் எண், அது பிடித்திருக்கும் கோப்பின் எண். அந்த இரண்டையும் வைத்து உள்ளே போகும் வழியைத் தட்டச்சு செய்தபோது வெளியே ஒரு டேங்கர் ஹாரன் அடித்தது, நீளமாக, அழுகிற மாதிரி. விரல் ஒரு எண்ணைத் தவறாக அடித்தது. அழித்தாள். தவறான எண்ணில் இதைச் செய்தால் நிரல் வைத்திருக்கும் வேறு எதையாவது காலி செய்துவிடும். நிதானம். நிதானமாகப் பார்க்கிறவள் என்று இங்கே எல்லாரும் அவளைச் சொல்வார்கள். மெஷின் லேசாக முனகினால்கூட என்ன சத்தம் அது என்று நின்று கேட்பாள். அப்படிப்பட்டவள் காலையில் ஏன் நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். நீட்டியது எந்தக் கை? வலதா இடதா? வலது கைக்காரர். நீர் சொட்டிய கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. கயிறு கட்டியிருப்பது வலதில்தானே. அப்படியென்றால் வலது கை தூக்க முடிந்திருக்கிறது. நல்லதுதானே? நல்லதுதானா? எண்ணை இன்னொரு தடவை திரையோடு ஒப்பிட்டு, உதடு அசைய வாசித்து, விசையை அழுத்தினாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடம் எவ்வளவு என்று கேட்டாள். பாதிக்கு மேல் காலி என்றது மெஷின், இத்தனை நேரம் இந்தப் பிடிவாதம் பிடித்தது தான் இல்லை என்கிற மாதிரி. சுவருக்கு அந்தப்பக்கம் பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த சீட்டெல்லாம் வரிசையாக வந்தது. யாரோ கைதட்டினார்கள், யாரோ "சென்னியப்பா, வண்டிய எடு" என்று கத்தினார்கள். துளசிமணிக்கு அந்தச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்கிற மாதிரி கேட்டது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அதிர்ந்தபோது எடுத்து ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. "கண்ணு" என்றாள் ராமாத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "தம்பி கட்டில்ல உக்காந்துருக்காப்ல. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறாப்ல. ஆனா வாயி ஒரு பக்கமா இழுத்துருக்குது சாமி. என்னமோ சொல்ல வர்றாப்ல, எனக்கு ஒண்ணும் புரிய மாட்டீங்குது. வலது கை தொங்குது." துளசிமணி எழுந்துவிட்டாள். தன் குரல் நிதானமாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம். "அக்கா, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க. தண்ணி குடுக்காதீங்க, ஒண்ணுமே வாயில குடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு நீங்க கூடவே இருங்க. வண்டி வந்தா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரா தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க, நான் அங்க வந்தர்றேன்." வராந்தாவில் லோகநாதன் நன்றி சொல்ல எதிரே வந்தார், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னுங் மேடம்?" அவள் சொன்னாள். அவர் "ஏறுங்க" என்று தன் பைக்கை எடுத்தார். ரோட்டில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு போகும்போது அவளுக்கு, அந்த வயரை இன்னும் பார்க்கவில்லை, கோப்பு மறுபடி வளரும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அதன் பின்னாலேயே, பால் திரிந்தால் திரியட்டும் என்று எழுந்து போயிருந்தால், என்று இன்னொன்று வந்தது. எப்போது எழுந்திருக்க வேண்டும்? தாழ்ப்பாள் நினைவு வந்ததுமா? காலையிலேயேவா? நேற்றா? பைக் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, கேள்வி விட்ட இடத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் காத்து நின்ற பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. அவரை நேராக ஸ்கேனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். வலது கண்ணோரம் ஈரமாக, அவளைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்து, வராமல், வாயை மூடிக்கொண்டார். சின்ன வயது டாக்டர் ஒருத்தி வேகமாக வந்தாள். "ரத்தக்குழாய்ல அடைப்பும்மா. கரைக்கறதுக்கு மருந்து இருக்கு. ஆனா ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துக்குள்ள குடுத்தாத்தான். நேரமாயிட்டா குடுக்கக் கூடாது, உள்ள ரத்தம் கசிஞ்சுரும். அதனால யோசிச்சுச் சொல்லுங்க. கடைசியா இவர் எப்ப நல்லா இருந்தார்?" கடைசியாக எப்போது நன்றாக இருந்தார். துளசிமணி வாயைத் திறந்தாள். மெஷின் என்றால் எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கும், எது எப்போது நின்றது, எதற்குப் பிறகு எது என்று. இவர் எப்போது நன்றாக இருந்தார். நேற்று ராத்திரி சாப்பிட்டார். பேசினாரா? அவள் தட்டை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். முந்தாநாள்? தேடத் தேட நீட்டிய கைகளும் வைத்த டம்ளர்களும்தான் வந்தன, முகம் வரவில்லை. "காலையில" என்றாள், "காலையிலயே ஒரு வார்த்தை மாத்திப் பேசினாருங்க டாக்டர். துண்டுன்றதுக்குத் தாழ்ப்பாள்னு." பொய் சொல்ல முடியாது, இதில் முடியாது. டாக்டரின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். "காலையிலயா" என்றாள் டாக்டர்.

"இல்லீங்க" என்றாள் ராமாத்தாள் பின்னாலிருந்து. ஆட்டுப் புழுக்கை ஒட்டிய செருப்போடு, தலைமுடி கலைந்து, அவள் முன்னால் வந்தாள். "மத்தியானம் தம்பி நல்லாத்தானுங்க இருந்தாப்ல. வேலிக்கிட்ட வந்து நின்னு எங்கூடப் பேசிட்டுப் போனாப்ல. நல்லாப் பேசினாப்ல, ஒரு வார்த்தை கொழறலீங்க. வேலி மேல எட்டி அவரே கிளைய வளைச்சு, முருங்கக்கீரை பறிச்சாப்ல, இந்த வலது கையில. நான் அப்பத்தான் சோறு வடிச்சு இறக்கினேன், ரேடியோல மத்தியானச் செய்தி ஓடிட்டு இருந்துச்சுங்க." டாக்டர் இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். அந்த நேரம் எப்படித் தெரியும், வானொலியில் செய்தி முடிந்ததா, சிரித்தாரா, நடந்தபோது தள்ளாடினாரா என்று. ராமாத்தாள் எல்லாவற்றுக்கும் பார்த்தவள் பதில் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "அப்ப காலையில வந்தது சின்னதா வந்து தானாவே சரியாப் போயிருக்கு" என்றாள் டாக்டர். "இது புதுசு. நேரம் இருக்கு." கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு ஆடி ஆடி நின்றது. துளசிமணி பெஞ்சில் உட்கார்ந்தாள். ராமாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். பிறகு துளசிமணி கேட்டாள், "கீரை எதுக்குங்கக்கா? அவருக்குத்தான் முருங்கக்கீரை ஆகாதே." ராமாத்தாள் தயங்கினாள். "உனக்குத்தான் கண்ணு. துளசிப் புள்ள ரொம்பச் சோந்து வருதுக்கா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது, கேட்டா ஒண்ணுமில்லீங்குது, ரத்தமே இல்ல போல, நானே ஆஞ்சு வெச்சர்றேன், வந்தவொடனே பொரிச்சுக் குடுத்தர்லாம்னு சொன்னாப்ல. தெனமும் பஸ்ஸு விட்டு எறங்கறப்பத் தூரத்துல இருந்து பாப்பாப்லயாமா."

எதிர்ச் சுவரில் மஞ்சள் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது கூரையைத் தொடும் முன் நர்ஸ் வந்து, விரலை மடக்குகிறார், ஒருத்தர் மட்டும் வந்து பாருங்கள், பேச வைக்காதீர்கள் என்றாள். பேச்சு திரும்ப நாளாகும், முழுக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். உள்ளே அவர் விழித்துத்தான் இருந்தார். வந்தவளைத் தலையில் இருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், அவள் கண்ணுக்குக் கீழே வந்து பார்வை நின்றது. சாப்பிட்டாயா என்று கேட்கிற பார்வை. துளசிமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.